மாரிக்காலத்து மனைச்செடிகள்

புரட்டாசித் திங்கள் முடியுந் தறுவாயில், இராயபுரந் தொடங்கி எண்ணூர் ஈறாகவுள்ள வடசென்னைத் தெருக்களிலே ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும் வீடுகள் ஒருபுறம். மின்கம்பியில் உராயும் மரக்கிளைகளைக் கழிக்கும் ஏவலாளர் மற்றொருபுறம். இவ்விரண்டிற்கும் இடையே, வாயிலில் நின்ற செம்பருத்தியும் அரளியும் நந்தியாவட்டையும் முழங்கால் உயரத்திற்கு வெட்டுண்டு, இலையொன்றுமின்றி மொட்டைக்கட்டைகளாய் நிற்கும். காரணம் வினவின், "மழை வருகிறதே!" என்பர். மழை வருகிறது என்பதனாலேயே அவற்றை அவ்வாறு வெட்டலாகாது என்பது என் துணிபு. இதனைக் கேட்ட நண்பர் சிலர், செடி வெட்டுவதும் ஒரு பொருளோ, அதுவுந் தமிழ் பயில்வோன் எழுதத்தக்க பொருளோ என நகைத்தனர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பாடமாகக் கற்றுத் தேர்வும் எழுதும் நாம், நம் வீட்டு முல்லையை எத்திங்களில் வெட்டுவது என்று அறியாதிருத்தலே நகைத்தற்குரியது என அவர்க்கு விடையிறுத்தேன். அவ்விடையின் விரிவே இக்கட்டுரை.

செடியின் வேண்டாத கிளைகளைக் களைந்து சீர்செய்தலைத் தோட்டக்காரர் 'கவாத்து' என வழங்குவர். காவலரும் படைவீரரும் அணிவகுத்துப் பயிலும் பயிற்சிக்கும் அதுவே பெயர். ஒரு சொல் இருபொருள் படுதல் தமிழுக்குப் புதிதன்று. ஆயினும் இச்சொல்லின் இருபொருளும் நம்மவர் உள்ளத்திலே ஒன்றோடொன்று மயங்கிவிட்டனவோ என ஐயுறுகின்றேன். எல்லாச் செடியும் ஒரே நாளில், ஒரே உயரத்தில், வரிசை பிறழாது நின்றால் அதுவே கவாத்து என்று எண்ணிவிட்டனர் போலும். உண்மையில் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு பருவம் உண்டு. அப்பருவத்தை வகுப்பன இரண்டு: அது பூக்குங் காலம் ஒன்று, அவ்வூரின் மழை மற்றொன்று.

நம் ஊர் மழையோ தனித்தன்மை உடையது. பாரத நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலமாவது சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்கள். சென்னைக்கு அக்காலத்தில் மாலைவேளைகளிற் பெய்யும் இடிமழையே உண்டு. ஆண்டு முழுவதிலும் இங்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். பல ஆண்டுகளிற் புயலும் உடன்வரும். ஆதலின், மேனாட்டுக் குளிரையும் இளவேனிலையும் கருதி எழுதப்பட்ட தோட்ட நூல்கள் நமக்கு நேர்வழி காட்டமாட்டா. மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்போர் கூறும் அறிவுரையும் நம் திங்கட் கணக்கோடு பொருந்தாது. அவர் மழை முடிந்து வெயில் காணும் நாளில் நமக்கு மழை தொடங்குகிறது. நம் செடிகளுக்குரிய நாட்காட்டியை நாமே வரைந்துகொள்ளுதல் வேண்டும்.

மழைக்குமுன் மொட்டையடித்தால் விளையுங் கேடு யாது? கிளையின் நுனியை வெட்டியவுடன், அதற்குக் கீழே உறங்கிக் கிடந்த அரும்புகள் விழித்துத் தளிர்க்கும். இது செடியின் இயல்பு. அத்தளிர்கள் முற்றி வலிமை பெறுதற்கு வெயில் வேண்டும், நாளும் வேண்டும். ஐப்பசித் தொடக்கத்தில் வெட்டினால், தளிர் தலைகாட்டும் நாளிலேயே வானம் மூடிக்கொள்கிறது. நாட்கணக்கில் ஈரங் காயாத இளந்தளிரிற் பூஞ்சண நோய்கள் எளிதிற் பற்றுகின்றன. இலைகள் கறுத்தும் அழுகியும் உதிர்கின்றன. வெட்டுவாய் உலராமையால் கிளை நுனியினின்று கீழ்நோக்கிக் காய்ந்து வருகிறது. இதனினும் பெரியதொரு கேடு நிலத்தின்கீழ் நிகழ்வது. வேர் உறிஞ்சும் நீரை ஆவியாக்கி வெளிவிடுவது இலையே. இலையனைத்தையும் இழந்த செடி நீரை உறிஞ்சும் ஆற்றலையும் பெரிதும் இழக்கிறது. நீர் தேங்கிய மண்ணிலே வேருக்கு மூச்சுவிடக் காற்றில்லை. மேலே தொழிலின்றியுங் கீழே மூச்சின்றியும் நிற்குஞ் செடி, மார்கழியில் இறந்துபட்டால், "மழையில் அழுகிவிட்டது" என்று மழையின்மேற் பழி சுமத்துகிறோம்.

இனி, எதனை எப்பொழுது வெட்டுவது என ஆராய்வோம். செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என இந்நாளிற் பெயர் பெற்றுவிட்ட வெட்சி ஆகிய இவை ஆண்டு முழுதும் இலை மாறாத செடிகள், புதுக்கிளையிற் பூப்பவை. இவற்றிற்கு முதன்மையான கவாத்து, மழை ஓய்ந்தபின், மார்கழி இறுதியிலோ தைத்திங்களிலோ செய்தல் நன்று. அப்பொழுது மண்ணில் ஈரமுண்டு. வெயிலும் நாளுக்கு நாள் ஏறிவரும். எழுந் தளிர் நோயின்றி முற்றி, பங்குனியிலும் சித்திரையிலும் மலரும். அப்பொழுதுங்கூட மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் வெட்டுதலே முறை. மழைக்கு முன்னர் ஒன்றுஞ் செய்யலாகாதோ எனின், செய்யலாம்; ஆனால் அதற்குரிய திங்கள் ஆவணி. அதுவும் உயரத்தைக் குறைத்தலன்று; உள்ளே நெருங்கிக் கிடக்கும் குச்சிகளையும், ஒன்றையொன்று உராயுங் கிளைகளையும், காய்ந்தனவற்றையும் அடியோடு நீக்கிக் காற்றுக்கு வழிசெய்தல். ஆவணியில் எழுந் தளிர் ஐப்பசிக்குள் முற்றிவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முறிந்த கிளையையும் நோயுற்ற கிளையையும் அன்றி வேறெதனையுந் தொடுதல் வேண்டா.

மல்லிகை இனத்திற்கு இவ்விதி செல்லாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்தபடி, குண்டுமல்லிகையை நவம்பர் இறுதி வாரத்திலும், சாதிமல்லி எனப்படும் பிச்சியை டிசம்பர் இறுதியிலும், முல்லையைச் சனவரி இறுதியிலும் தரையினின்று ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டுதல் வேண்டும். ஒரே குடும்பத்து உடன்பிறப்புக்களுக்குள்ளேயே மூன்று திங்கள் என்பதை நோக்குக. குண்டுமல்லிகை பங்குனி முதல் ஆனி வரை மிகுதியாகப் பூப்பது. குளிர்நாளில் ஓய்வு கொள்வது. ஓய்வின்போது வெட்டுவதனால் அதற்குத் துன்பமில்லை. ஆயினும் நவம்பர் இறுதி என்பது நம் கடற்கரையில் இன்னும் மழைநாளே. ஆதலின் தொடர்ந்து சிலநாள் வெயில் காயும் இடைவெளியை நோக்கியிருந்து வெட்டுதலே நமக்குப் பொருத்தம் என்பேன். சிலநாட் பிந்துவதாற் பூவிற்குப் பெரிய குறைவு நேராது. நனைந்த செடியை வெட்டுவதால் நேரும். டிசம்பர்ப் பூவோ அம்மழைக்காலத்திலேயே மலர்வது. அதனை ஐப்பசியில் வெட்டுவோர் மொட்டையே வெட்டி எறிகின்றனர். பூ முடிந்தபின் மாசியில் வெட்டினால் ஆகாதோ? காகிதப்பூக் கொடி மழையிலே நீர்க்கிளைகளை ஆள்உயரத்திற்கு விடும். அவற்றை மட்டும் நறுக்கிவிட்டு எஞ்சியதை விட்டுவிட்டால் கோடையில் அது தன் நிறத்தைக் காட்டும். மருதாணியைப் பற்றிக் கவலை வேண்டா. அது எவ்வெட்டையும் பொறுக்கும்.

வெட்டும் முறையைப் பற்றிச் சில சொல்லி அமைவேன். அரும்பிற்கு மேலே கால் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டினால் மழைநீர் வெட்டுவாயில் தங்காது வழியும். அவ்வரும்பு வெளிநோக்கியதாக இருப்பின் கிளையும் வெளிநோக்கி வளர்ந்து நடுவிலே வெளிச்சம் விடும். நோயுற்ற செடியை வெட்டிய கத்தியை நன்றாகத் துடைத்துக் கழுவாது அடுத்த செடியில் வைத்தல், ஒருவர் புண்ணைத் துடைத்த துணியால் மற்றொருவர் புண்ணைத் துடைத்தல் போலும். வேலியாக வளர்ப்போர் அடி அகன்றும் முடி குறுகியும் இருக்குமாறு வெட்டுக. நம் தெருக்களிற் பெரும்பாலும் இதற்கு மாறாகத் தலை பருத்துக் கால் மெலிந்த வேலிகளையே காண்கிறோம். மேலுள்ள இலை கீழுள்ளதற்கு வெயிலை மறைத்துவிட, அடிப்பாகம் வெறுங்குச்சியாய் நிற்கும். பருத்த கிளைகளை வெட்டிய வாயில் சாணம் அப்பும் பழைய வழக்கம் வெயில் நாட்களுக்கு எவ்வாறாயினும் ஆகுக. மழைநாளில் அது ஈரத்தைத் தேக்கிவைக்கும். துத்தமும் சுண்ணாம்பும் நீரிற் குழைத்துச் செய்யும் போர்டோப் பசையைத் தடவுதல் தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களிற் பிறந்த இக்கலவை இன்றும் பயன்படுகிறது.

இவையெல்லாம் எவ்வூரார்க்கும் பொதுவன்றோ, வடசென்னைக்கென ஏன் தனியே எழுதல் வேண்டும் என வினவலாம். இங்கேதான் என் கருத்தின் உயிர்நிலை உளது. நம் செடிகளுக்கு ஒருபுறம் உப்பு, மற்றொருபுறந் தூசி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னைத் துறைமுகம் எழுந்தது முதல் அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கப்பட்டு வருகிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையோரம் கருங்கற்கள் கொட்டியிருத்தல் அதனாலேயே. கடல் அணுக அணுக உப்புக்காற்றும் அணுகுகிறது. புயல் ஓய்ந்த மறுநாள் இலையோரங்கள் நெருப்புப் பட்டாற்போற் கருகி நிற்பது அவ்வுப்பின் செயல். அன்றே நன்னீரால் இலைகளைக் கழுவிவிடின் பெரும்பகுதி பிழைக்கும். கருகியதைக் கண்டவுடன் அரிவாள் எடுப்பதோ பிழைக்க இருந்ததையுங் கெடுப்பது.

தூசியைப் பற்றி வடசென்னையார்க்கு நான் எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் கரும்பொடி இராயபுரத்து வீடுகளிற் படிந்ததும், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2011-ஆம் ஆண்டில் நிலக்கரியும் இரும்புத்தாதும் அங்கிருந்து விலக்கப்பட்டதும் பெரியோர் பலர் நினைவில் உள்ளன. அந்நிலக்கரி, இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது உண்மையே. ஆயினும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உலைகள் எரிகின்றன. சரக்குந்துகள் இரவும் பகலும் புழுதி கிளப்பிச் செல்கின்றன. இத்தூசி இலைமேற் படிந்து வெளிச்சத்தை மறைத்து, இலையின் நுண்துளைகளை அடைக்கிறது. அவ்வாறு இலையிற் படிந்த தூசி நம் குழந்தைகளின் நெஞ்சிற் படியாது நின்ற தூசி என்பதை மறத்தல் கூடாது. வாயிலில் நெருங்கி நிற்கும் ஓர் அரளிப் புதர் தெருவிற்கும் திண்ணைக்கும் இடையே தொங்கவிட்ட திரையை ஒக்கும். மழைநாளில் வானமே அத்திரையைக் கழுவித் தருகிறது. மழை நீங்கித் தை முதல் ஆனி வரையிலும் புழுதி மிகும். ஐப்பசியில் மொட்டையடித்து, மழையில் நோயுற்று, தையில் இலையின்றி நிற்குஞ் செடியினால், நமக்கு அது மிகவும் வேண்டப்படுங் காலத்தில் என்ன பயன்? தையிலும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது என்று மேலே கூறியதற்கும் காரணம் இதுவே. மரம் நட இடமில்லாத நம் குறுகிய மனைகளில் இப்புதர்களே நமக்கு வாய்த்த சோலை.

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. புயல் வீழ்த்திவிடும் என்பது முதலாவது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தாப் புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவ்வச்சம் இன்னும் நீங்கவில்லை. மரத்திற்கு அவ்வச்சம் தகும். தாழ்ந்து அகன்று வளைந்து கொடுக்கும் புதருக்கோ, உள்ளே காற்றுப் புகுந்து செல்ல ஆவணியில் வழிசெய்திருப்பின், அத்துணை அச்சம் வேண்டா. பாம்பு தங்கும் என்பது இரண்டாவது, இது மெய்யே. ஆயின் பாம்பு தங்குவது அடியிலுள்ள சருகிலும் செங்கற் குவியலிலுமே. தரையினின்று ஓரடி உயரம்வரை கிளைகளை நீக்கி அடியைப் பெருக்கி வைத்தால் போதும். தலையை வெட்டுவதால் பாம்பிற்கு யாதொரு நட்டமும் இல்லை.

மூன்றாவது கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புங் கொசு முட்டையிடுவது தெளிந்து தேங்கிய நீரில்: தேங்காய் ஓட்டில், பழைய டயரில், மூடாத தொட்டியில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில். செடியின் நிழலில் அது பகலில் ஒதுங்கியிருத்தல் உண்டு. அங்கு அது பிறப்பதில்லை. செடியை வெட்டி எறிந்துவிட்டுத் தட்டிலே நீரை அப்படியே வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! மேலும், கொசுவை விரட்டவென்றே நம்மவர் வளர்க்கும் நொச்சியும் ஒரு புதரே. பழந்தமிழர் மதில் காக்கும் போருக்கு நொச்சி என்று பெயரிட்டனர். அதன் பூவைச் சூடி நின்று மதிலைக் காத்தனர். இன்று திருவொற்றியூரில் அது மதிற்சுவரோரம் நின்று கொசுவினின்று நம்மைக் காக்கிறது என்று கூறலாம். அதனையும் நாம் ஐப்பசியில் வெட்டிவிடுகிறோம்.

இவ்வளவும் அறிந்தாலும் செய்ய இயலாதவர் நம்முள் பலர் உளர் என்பதையும் கூறல் வேண்டும். இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் பெரும்பாலோர் வாடகைக் குடியினர். செடி நடுபவள் குடியிருப்பவள். வெட்டச் சொல்பவர் வீட்டுக்காரர். "சுவரில் ஈரம் ஏறுகிறது, வெட்டிவிடு" என்றால் மறுமொழி இல்லை. சுவருக்கு ஈரம் ஏறுவது செடியினாலன்று. சாலையை ஆண்டுக்காண்டு மேன்மேலும் உயர்த்திப் போட்டமையால் வீடுகள் தாழ்ந்து, தெருநீர் முற்றத்தில் வந்து தேங்குவதனாலேயே பெரும்பாலும் அது நேர்கிறது. அந்நீரிலே செடியும் நிற்கிறது. இதற்குச் செய்யத்தக்கது, செடியைத் தரைமட்டத்தினின்று ஓரடி உயர்த்திய மேட்டில் நடுதலும், தண்டை நெருக்கிப் பூசிய சிமிட்டியைப் பெயர்த்து நாற்புறமும் மண் தெரிய விடுதலும், தொட்டிகளின் அடித்துளை அடைபடாமல் ஓட்டாஞ்சில்லு இட்டு வைத்தலுமாம். மீன் கழுவிய நீரை ரோசாவிற்கும் மல்லிகைக்கும் ஊற்றுதல் நம் காசிமேட்டு வீடுகளின் நல்வழக்கம். கோடையில் அது செடிக்கு அமுதம். அடைமழையில் ஊற்றினால் பாதி வடிகாலுக்குப் போகும். பாதி பூனைகளை அழைத்துவரும். வேறெவ்வுரமும் அவ்வாறே, கனமழைக்கு முன் இடுவது நீரில் கரைத்த காசு.

கவாத்தினால் தீராத துன்பமும் ஒன்றுண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாங் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் பரவி, மீனவர் படகுகளிலும் அலையாத்திச் செடிகளிலும் படிந்து, குடியிருப்புக்களுள்ளும் புகுந்தது. எண்ணெய் தோய்ந்த செடியை எத்திங்களில் வெட்டுவது என்று எந்நூலும் கூறாது. அதற்கு விடை வீட்டுத் தோட்டத்தில் இல்லை; ஆலைகளின் வாயிலிலும் ஆட்சியாளர் அலுவலகத்திலும் உளது. வீட்டார் தம் செடியைப் பேணிக்கொள்ளட்டும் என்று அறிவுரை கூறுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் நேர்மையன்று.

இறுதியாக, வெட்டியதை என் செய்வது? ஐப்பசியில் வெட்டிய தழையெல்லாந் தெருவோரத்திற் குவிகிறது. முதல் மழையில் மிதந்து சென்று மழைநீர் வடிகாலின் வாயை அடைக்கிறது. அடைபட்ட நீர் அதே வீட்டின் முற்றத்திற்கே திரும்பி வருகிறது. தையில் வெட்டும் தழையோ வெயிலில் உலர்ந்து, முற்றத்து மூலையிற் குழியிலிட்டு மூடினால் அடுத்த ஆவணிக்கு எருவாகும். அரளியை மட்டும் பிரித்து வைத்தல் வேண்டும். அதன் இலையுங் குச்சியும் நஞ்சு. தெருவில் திரியும் ஆடுகள் மேயக் கிடத்தல் ஆகாது. எரித்தலும் ஆகாது, புகையுந் தீங்கு செய்யும்.

நம் கல்லூரித் தாவரவியல் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வீடுகளிற் காணும் இருபது செடிகளுக்குத் தமிழ்த் திங்கட் பெயரால் ஒரு கவாத்து அட்டவணை, ஒரே தாளில், அவர் வகுத்துத் தருவாராயின், அதனை எளிய தமிழில் எழுதி அச்சிட்டு, புரட்டாசி பிறக்குமுன் வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் பணியைத் தமிழ் மாணவராகிய யாம் ஏற்றுக்கொள்வோம். வீட்டுக்காரருக்கும் ஒரு படி தனியே கொடுப்போம்.